ஈரக் காலடியும் நூற்று நாற்பத்து மூன்று ஓட்டும்

தொண்டையைச் செருமினாலே தெருமுனை வரை அமைதி பரவும் அவைத்தலைவர், சுருட்டுத் தொழிலாளர் சங்கத்தின் தலைமகன் எலீசெயோ அவர்களே! கண்ணை மூடிக்கொண்டும் ஒரு சுருட்டை இம்மி பிசகாமல் சுற்றத் தெரிந்த என் சமகாலச் சிங்கங்களே! முந்நூற்றுப் பதினொரு படிகளையும் தலையில் குடத்தோடு ஏறி, இந்த லா குவேஸ்தா மேட்டுக்கு உயிர் ஊற்றிய தாய்மார்களே! புதிய படிப்பகத்துக்கு அலமாரிகள் அத்தனையும் அன்பளிப்பாய்த் தந்திருக்கும் இளவல், டோன் கசிமீரோவின் பேரன், தம்பி ருபேன் அவர்களே! மாமரக் கிளையில் உட்கார்ந்துகொண்டு என் தொப்பி மீது பிஞ்சுக்காய் எறியக் காத்திருக்கும் வருங்காலமே! முன்வரிசையில் கைவிசிறியோடு அமர்ந்து, நான் சொல்வதில் எது உண்மை, எது புளுகு என்று கணக்கெடுக்க வந்திருக்கும் என் மனைவி எனெதினா அவர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தக் கிழவன் செனோனின் வணக்கம்.

படிப்பகம் திறக்க யாரை அழைத்திருக்கிறார்கள் பார்த்தீர்களா? எழுத்தென்றால் எறும்பு ஊர்வதாக மட்டுமே தெரிந்த என்னை! சமையல் தெரியாதவனைக் கொண்டு அடுப்பங்கரையைத் திறப்பார்களா? நீச்சல் தெரியாதவனைக் கொண்டு படகு விடுவார்களா? தலைவரிடம் கேட்டேன். "அண்ணே, படிச்சவங்க பேசினா பத்து நிமிசத்துல முடிச்சிருவாங்க. நமக்கு ஒரு மணி நேரம் போகணும்"னார். அதுவும் நியாயம்தானே?

ஆனால் ஒன்று சொல்வேன். நான் கண்ணால் படிக்கவில்லை, காதால் படித்தேன். பள்ளியில் படிக்கவில்லை; பட்டறையில் படித்தேன். நாற்பது ஆண்டுகள் கை புகையிலையைச் சுற்றியது, காது கதையைச் சுற்றியது. அந்தக் காதுக்குள் சோறு ஊட்டியவர், இந்தப் படிப்பகத்துக்கு எவர் பெயரைச் சூட்டியிருக்கிறோமோ அவர், நாங்கள் சுருட்டுச் சுற்றும்போது எங்களுக்குப் படித்துக் காட்டிய வாசிப்பாளர் லெயாந்த்ரோ! அவர் நகர மன்றத் தேர்தலில் நின்ற கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தாம் ஆண்டு. எனக்கு வயது இருபத்து நான்கு. மீசை கறுப்பு. என்ன சிரிப்பு அங்கே? கறுப்புதான்! சாட்சி முன்வரிசையில் இருக்கிறது.

அந்த ஆண்டு மேட்டில் எல்லாம் இருந்தது. காற்று இருந்தது, கடல் தெரிந்தது, காதலும் இருந்தது. தண்ணீர் மட்டும் இல்லை. மன்றம் போட்ட குழாய் கீழே கோயில் சதுக்கம் வரை வந்து, எட்டு ஆண்டுகளாக அங்கேயே நின்று இளைப்பாறிக்கொண்டிருந்தது. காசுள்ள நாளில் டோன் கசிமீரோவின் கோவேறு கழுதைகள் பீப்பாயில் தண்ணீர் கொண்டுவரும். காசில்லாத நாளில் எங்கள் பெண்களின் தலை கொண்டுவரும். மேட்டின் சார்பாக மன்றத்தில் மூன்று முறை உறுப்பினராக உட்கார்ந்தவர் யார் என்கிறீர்கள்? அதே டோன் கசிமீரோ! குழாய் ஏன் படியேறவில்லை என்று இன்னும் விளக்க வேண்டுமா?

அப்போது பட்டறையில் புகையிலையின் நடு நரம்பைக் கிழித்தெடுத்துக்கொண்டிருந்த எனெதினாவிடம், "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டேன். அவள் கிழித்த நரம்பைக் கூடையில் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"உன்னப் புடிச்சிருக்கு செனோன். ஆனா ஒன்பது வருசமா எங்கம்மா வீட்டுக்குத் தண்ணி தூக்குறேன். உன் வீட்டுக்கும் தூக்கணுமா? குழாய் மேட்டுக்கு வரட்டும். நானும் உன் வீட்டுக்கு வர்றேன்."

"குழாய் வரலேன்னா?"

"நானும் வரல."

அவையோரே, ஆணுக்குப் பெண்ணால் எத்தனையோ நிபந்தனை வந்திருக்கும். நகர மன்றத்தின் தீர்மானத்தில் தொங்கிய கல்யாணம் என்னுடையது ஒன்றுதான்!

யாரை அனுப்புவது மன்றத்துக்கு? பெண்கள்தான் வழி கண்டார்கள். எனெதினா முன்னே, மற்றவர்கள் பின்னே, லெயாந்த்ரோவின் உயர நாற்காலியைச் சூழ்ந்து நின்றார்கள். மெலிந்த உடம்பு, நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடி. ஆனால் குரல்? அந்தக் குரல் புயல் என்றால் எங்கள் சட்டை நனையும். விருந்து என்றால் எங்கள் வயிறு கூவும். காலையில் செய்தித்தாள், மதியம் இரண்டு மணிக்குக் கதை. நாங்களே கை தூக்கித் தேர்ந்தெடுத்து, நாங்களே சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட குரல்.

"மேட்டுக்கு ஒரு வாய் வேணும்யா. உங்க வாயத்தான் கேக்குறோம்" என்றாள் எனெதினா.

"நான் பிறர் எழுதினதப் படிக்கிறவன்மா. சொந்தமாப் பேச வராதே."

"அப்ப நாங்க சொல்றத மனப்பாடம் பண்ணிட்டுப் போய்ப் படிங்க. தண்ணி வேணும். ரெண்டே வார்த்தை."

நின்றார். படிக்காதவர்களுக்காக ஓட்டுச்சீட்டில் படம் போட்டிருப்பார்கள். அவருக்கு மூக்குக்கண்ணாடி, டோன் கசிமீரோவுக்குக் கோவேறு கழுதை. நான் கேலி செய்யவில்லை, தம்பி ருபேன். உங்கள் தாத்தா அவராகவே கேட்டு வாங்கிய சின்னம்!

வேட்பாளர் எவரானாலும் பட்டறைக்கு வந்து, வாசிப்பாளரின் நாற்காலியில் ஏறி நின்று பேசிவிட்டுப் போவது வழக்கம். எங்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு பிடித்தால் இலை வெட்டும் கத்தியால் மேசையைத் தட்டுவோம். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவோம். தட்டினால் மாலை, போட்டால் மானக்கேடு. அவ்வளவுதான் சட்டம்.

டோன் கசிமீரோ வெள்ளைச் சட்டையில் வெண்ணெய் போல வந்தார். ஏறினார். பேசினார். "மக்களே! கீழ்நோக்கி ஓடுவதே தண்ணீரின் இயற்கை. மேட்டில் வாழ்பவர்கள் இயற்கையோடு மல்லுக்கு நிற்கலாமா?" என்றார்.

கேட்டோம். ஒருவரை ஒருவர் பார்த்தோம். விழுந்தது முதல் கத்தி. விழுந்தது பத்தாவது. நூற்று நாற்பத்திரண்டு கத்திகளும் கல்தரையில் கணகணவென்று விழுந்து, கூரைப் புறாக்கள் பறந்து, குதிரை லாயத்தில் குதிரை கனைத்தது! எங்கள் தீவில் எந்த மனிதருக்கும் அப்படியொரு அவமானம் நேர்ந்ததில்லை.

அவர் என்ன செய்தார்? ஓடினாரா? ஒளிந்தாரா? கையை நெஞ்சில் வைத்தார். கண்ணைத் துடைத்தார். "என் பிள்ளைகளே! இவ்வளவு பாசத்தையா இத்தனை நாளாய் மறைத்து வைத்திருந்தீர்கள்!" என்றார்.

வழக்கம் தெரியாத மனிதர், வசையை வாழ்த்து என்று எண்ணிவிட்டார்! மேலும் அரை மணி நேரம் பேசினார். கத்திகள் தரையில் கிடக்கின்றன. மறுபடி போடக் கையில் ஏதுமில்லை. பாசம் தலைக்கேறிய அந்த நிலையில்தான் அவர் இதைச் சொன்னார். சொல்லுக்குச் சொல் சொல்கிறேன், கேளுங்கள்: "வரும் பிப்ரவரி இரண்டு, மாதா திருநாளுக்குள், இந்த மேட்டின் உச்சியில், மாமரத்தடியில், குழாய் நிற்கும்... ஹச்!... மன்னிக்கவும், புகையிலைத் தூள்... நிற்காவிட்டால் என் பதினெட்டுக் கழுதைகளையும் அவிழ்த்து விடுகிறேன். ஆளுக்கொன்றாய் ஏறிக்கொண்டு போங்கள்!"

போனார். ஊரெல்லாம் சொன்னார். "மேடு என் மடியில்" என்றார். வழக்கமாகத் தேர்தல் வாரத்தில் மேட்டுக்கு வரும் ரம் பீப்பாயையும், பொரித்த கருவாட்டு அப்பத்தையும் கீழ் வட்டாரத்துக்குத் திருப்பிவிட்டார். மடியில் இருக்கும் பிள்ளைக்கு எதற்கு மிட்டாய்? அந்தத் தேர்தலில் மேட்டில் ஒரு மீன் செதிள்கூட விழவில்லை. "பரவால்ல, வாசிப்பாளர் ஜெயிச்சா குழாய் வருது" என்று நாக்கைச் சமாதானப்படுத்திக்கொண்டோம். மேட்டில் ஓட்டுள்ள ஆண்கள் நூற்று நாற்பத்தாறு. அதில் சுருட்டுக்காரர்கள் நூற்று நாற்பத்திரண்டு. கண்ணாடி வென்றாயிற்று, கல்யாண விருந்துக்குப் பன்றி பார்க்கலாம் என்று நான் கிளம்பிவிட்டேன்.

வந்தது திங்கட்கிழமை. மறுநாள் ஓட்டு. மதியம் இரண்டு மணி. லெயாந்த்ரோ புத்தகத்தை விரித்தார்.

ஆறு வாரமாய் ஓடிய கதை அது. கலங்கரை விளக்கத்தில் தனியாக வாழும் எர்மெலிந்தா என்ற விதவை. கணவனைக் கடல் கொண்டு ஒன்பது ஆண்டுகள். அவள் நிலத்தை அபகரிக்கத் துடிக்கும் கொழுந்தன் ஒருவன். அன்று புயல். அவள் விளக்கை ஏற்றுகிறாள். கதவைத் தாழிடுகிறாள். லெயாந்த்ரோவின் குரல் தாழ்கிறது, தாழ்கிறது... "அப்போது படிக்கட்டில் காலடி ஓசை கேட்டது. ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. அது ஈரக் காலின் ஓசை."

புத்தகத்தை மூடிவிட்டார்!

"மிச்சம் புதன்கிழமை" என்றார். நூற்று நாற்பத்திரண்டு பேரும் ஒரே மூச்சை இழுத்தோம், விடவில்லை. அந்த நேரம் பார்த்துப் பட்டறை மேஸ்திரி, அவர் நாக்கில் வேப்பெண்ணெய் ஊற்ற, எழுந்து நின்றார்.

"புதன்கிழமை இவரு எங்க படிப்பாரு? ஜெயிச்ச உறுப்பினருங்க அன்னிக்கு மதியம் ரெண்டு மணிக்குப் பதவி ஏத்துக்கணும். அப்புறம் ஒரு மாசம் தினம் ரெண்டு மணிக்குக் கூட்டம்."

"அப்ப கதைய யாரு படிப்பா?"

"என் மச்சான் படிப்பான்."

"அவன் மூக்கால பேசுவானேய்யா!"

"புயல் கதைதானே? பொருத்தமா இருக்கும்."

அன்று வேலை முடியும்வரை எங்கள் எல்லோர் காதிலும் அந்த ஈரக் காலடிதான்.

செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஒரு திரை. திரைக்குப் பின்னே மேசை. மேசை மேல் பென்சில். ஒவ்வொருவராகப் போனோம். முகத்தை இறுக்கிக்கொண்டு போனோம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தோம். "கண்ணாடிதானே?" "சந்தேகமா கூட்டாளி? கண்ணாடிதான்!" கைகுலுக்கல் என்ன, கட்டித்தழுவல் என்ன!

மாலையில் எண்ணினார்கள். அதிகாரி படியில் நின்று கூவினார்: "கோவேறு கழுதை, நூற்று நாற்பத்து மூன்று! மூக்குக்கண்ணாடி, மூன்று!"

மூன்று! ஐயா, முப்பது இல்லை, மூன்று! நூற்று நாற்பத்திரண்டு பேரும் தத்தம் செருப்பைப் பார்த்தோம். அந்த மூன்று யார்? நாவிதர் கையைத் தூக்கினார். ரொட்டிக்கடைக்காரர் தூக்கினார். அப்புறம் பட்டறை வாசல் காவலர் தெலெஸ்போரோ. பாவம், அவருக்கு இரண்டு காதும் கேட்காது. கதை கேட்காத மூவர், கண்ணாடிக்குப் போட்ட மூவர்!

என்ன நடந்தது என்று புரிகிறதா? ஒவ்வொருவனும் நினைத்தான்: 'எப்படியும் மற்றவர்கள் அவரை ஜெயிக்க வைத்துவிடுவார்கள். என் ஒரு ஓட்டையாவது அந்தப் படிக்கட்டுக் கதைக்காகக் கழுதைக்குப் போடுகிறேனே!' ஒருவன் நினைத்தால் பரவாயில்லை. ஒட்டுமொத்தமாய் நினைத்தோம்!

பொறுங்கள், கை தட்டாதீர்கள். கணக்கு இன்னும் முடியவில்லை. சுருட்டுக்காரர் நூற்று நாற்பத்திரண்டு. கழுதைக்கு நூற்று நாற்பத்து மூன்று. அந்த மீதி ஒன்று யாருடையது? ஒருவர் பின் ஒருவராய்த் திரும்பி லெயாந்த்ரோவைப் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"அந்தப் பொம்பளையத் தனியா அந்தப் படிக்கட்டுல விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரலப்பா" என்றார்.

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். அப்போது ஒரு குடம் என் முன்னால் வந்து நின்றது. குடத்துக்குப் பின்னால் எனெதினா.

"யாருக்குப் போட்ட?"

"கண்ணாடிக்குத்தான்."

"அப்பிடியா. நூத்தி நாப்பத்திரண்டு பேரும் அதையேதான் சொல்றாங்க. இந்தாங்க கண்ணாடிக்காரரே, கீழ போய்த் தண்ணி எடுத்துட்டு வாங்க."

எனக்கு மட்டுமல்ல; ஒவ்வொருவன் கையிலும் ஒரு குடம்! ஓட்டுரிமை இல்லாத பெண்கள், ஓட்டுரிமை உள்ள ஆண்களுக்குக் கொடுத்த தீர்ப்பு: குழாய் வரும்வரை தண்ணீர் தூக்குவது ஆண்கள். முந்நூற்றுப் பதினொரு படிகள்! நூறாவது படியில் குடத்தை மற்றத் தோளுக்கு மாற்றினேன். இருநூறாவது படியில் நான் என் பாவங்களையெல்லாம் எண்ணினேன். முந்நூறாவது படியில் எனெதினாவின் ஒன்பது ஆண்டுகளை எண்ணினேன். அங்கே என் சிரிப்பு நின்றது. விளையாட்டாய்ப் போட்ட ஒரு பென்சில் கோடு, இன்னொருத்தியின் கழுத்தில் எத்தனை குடமாய் ஏறுகிறது என்று அந்தப் படியில்தான் எனக்குத் தெரிந்தது.

புதன்கிழமை மன்றத்தில் பதவி ஏற்ற டோன் கசிமீரோ, வெள்ளிக்கிழமை பட்டறைக்கு நன்றி சொல்ல வந்தார். கூடவே மேயர், கூடவே பத்திரிகைக்காரர். "என் மேடு! என் மக்கள்! ஒரு துண்டு மீன் கொடுக்காமல் நூற்று நாற்பத்து மூன்று!" என்று மார்தட்டினார்.

நரம்பு கிழிக்கும் வரிசையில் எனெதினா எழுந்து நின்றாள்.

"ஐயா, அன்னிக்கு நீங்க சொன்னத மேயரய்யாவுக்கு ஒருமுறை சொல்லிரலாமா?"

"என்ன சொன்னேன்?"

அவள் தொடங்கினாள். "வரும் பிப்ரவரி இரண்டு, மாதா திருநாளுக்குள்..." இரண்டாம் சொல்லில் பக்கத்திலிருந்தவள் சேர்ந்தாள். நான்காம் சொல்லில் வரிசை முழுதும் சேர்ந்தது. எழுத்தறியாத ஐம்பது பெண்கள், எழுத்துப் பிசகாமல் சொன்னார்கள்! "குழாய் நிற்கும்..." என்றதும் ஐம்பது பேரும் ஒன்றாக, "ஹச்!" என்று தும்மினார்கள். "மன்னிக்கவும், புகையிலைத் தூள்" என்றார்கள். பதினெட்டுக் கழுதைகளையும் ஒன்று விடாமல் அவிழ்த்தார்கள்.

மேயர் திரும்பினார். "இதைச் சொன்னீர்களா?"

டோன் கசிமீரோவின் மீசை தொங்கிற்று. "அது வந்து... ஒரு உற்சாகத்துல..."

அவர் நழுவப் போகிறார். குழாய் நழுவப் போகிறது. என் கல்யாணம் நழுவப் போகிறது! எனெதினா எங்கள் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே! கத்தியக் கீழ போடுங்கடா!"

போட்டோம்! நூற்று நாற்பத்திரண்டும் போட்டோம்! அந்த ஓசை கேட்டதும் அந்த மனிதரின் முகத்தில் சூரியன் உதித்தது. "கேட்டீர்களா மேயர்? கேட்டீர்களா இந்தப் பாசத்தை? குழாய் வரும்! எழுதிக்கொள் பத்திரிகைக்காரா, வரும்!"

வந்ததா? வந்தது! தண்ணீர் சுமந்த அதே பதினெட்டுக் கழுதைகளும் இரும்புக் குழாய் சுமந்து படியேறின. பிப்ரவரி இரண்டாம் நாள், இதே மாமரத்தடியில், டோன் கசிமீரோ குழாயைத் திறந்தார். முதலில் காற்று வந்தது, பிறகு துரு வந்தது, பிறகு ஒரு தவளை வந்தது, பிறகு தண்ணீர் வந்தது. மகிழ்ச்சி தாங்காமல் நாங்கள், உண்மையான உள்ளன்போடு, கத்தியால் காலிப் பீப்பாய்களைத் தட்டினோம்.

அவர் முகம் வாடிவிட்டது. "ஏன் தட்டுறீங்க? நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்றார். குழந்தை அழப் போவது போல இருந்தது. வேறு வழி? கத்திகளை வீசினோம் கல் மேல். அவர் அழுதுவிட்டார். தம்பி ருபேன், உங்கள் தாத்தா கண்ணை மூடும்வரை இந்த மேட்டில் ஒருவர்கூட அவரிடம் உண்மையைச் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கடைசி முறை போட்டது வசை இல்லை, தம்பி. வாக்குத் தந்தவர் அதைக் காப்பாற்றினார். அவருக்குத் தெரிந்த மொழியில் நாங்கள் வாழ்த்தினோம்.

தம்பி சிரிக்கிறார்! நல்லது. என் நெஞ்சில் ஒரு பாரம் குறைந்தது. இன்னொன்று இருக்கிறது.

எனெதினா அவர்களே! அதே மாதம் என்னைக் கட்டிக்கொண்டீர்கள். நாற்பத்தாறு ஆண்டுகளாக, கேட்கும்போதெல்லாம், "கண்ணாடிக்குத்தான் போட்டேன்" என்று சாதித்திருக்கிறேன். இன்று இத்தனை பேர் முன்னிலையில் ஒப்புக்கொள்கிறேன். நான் போட்டது கழுதைக்கு!

என்ன? அவருக்கு வழி விடுங்கள், அவர் பேசட்டும். சொல்லுங்கள் அம்மணி.

"தெரியும்யா! அன்னிக்கு மொதக் குடத்த எறக்கி வச்சதும் என்ன கேட்ட? 'ஏ எனெதினா, அது யாரு காலடியா இருக்கும்?'னுதானே கேட்ட! அப்பவே தெரியும். எனக்கு ஓட்டு இருந்திருந்தா கண்ணாடிக்குப் போட்டிருப்பேன். தண்ணியும் வந்திருக்கும். சாயங்காலம் அவரு வீட்டு வாசல்ல உக்காந்து மிச்சக் கதையையும் கேட்டிருப்பேன். ரெண்டுக்கும் வழி இருந்துச்சு. உங்க நூத்தி நாப்பத்து மூணு மண்டைக்கும் எட்டல!"

கேட்டீர்களா! நாற்பத்தாறு ஆண்டுகளில் எந்த ஆணுக்கும் தோன்றாத யோசனை! தாய்மார்களே, தங்கைகளே, இன்று உங்களுக்கு ஓட்டு உண்டு. வரும் செவ்வாய்க்கிழமை அதே பள்ளிக்கூடத்தில், அதே திரைக்குப் பின்னால் போகிறீர்கள். 'மற்றவர்கள் போடுவார்கள்' என்று நினைக்காதீர்கள். மற்றவர்கள் என்று யாரும் இல்லை! அந்தத் திரைக்குப் பின்னால் நீங்கள் ஒருவர்தான். அங்கே நீங்கள்தான் மேடு, நீங்கள்தான் மக்கள், நீங்கள்தான் நூற்று நாற்பத்தாறு!

யாரப்பா அது மரத்தின் மேல்? "அந்த ஈரக் கால் யாருடையது?" என்றா கேட்கிறாய்? அந்தப் புதன்கிழமையே, குடம் தூக்கிய கழுத்து வலியோடு உட்கார்ந்து முழுதும் கேட்டேன். தெரியும். சொல்லமாட்டேன். எனெதினா, நீங்களும் சொல்லக்கூடாது! லெயாந்த்ரோ படித்த அதே புத்தகம், அவர் விரல் பட்டு மூலை மழுங்கிய அதே புத்தகம், உள்ளே ருபேன் தம்பி தந்த மூன்றாம் அலமாரியில், ஜன்னலோரம் இருக்கிறது. எழுத்துத் தெரிந்தவர்கள் நீங்கள். நாடாவை வெட்டியதும் போங்கள், படியுங்கள். வாய்விட்டுப் படியுங்கள், வாசலில் நாங்கள் சில கிழவர்கள் உட்கார்ந்திருப்போம்.

அழைத்த சங்கத்துக்கு நன்றி. அலமாரி தந்த கைகளுக்கு நன்றி. பொறுத்த காதுகளுக்கு நன்றி. கை தட்ட வேண்டாம், சிங்கங்களே. இந்த மேட்டின் வழக்கம் தெரியாதா? கத்தி இல்லாவிட்டால் என்ன, கைத்தடி இருக்கிறதே! போடுங்கள் கீழே!

ஆகா... அதே ஓசை. வணக்கம்!